குண்டளைப் பக்கத்து லயத்தில் ஒரு கைக்குழந்தைக்கு மூன்று ஜோடி கையுறை: நிகழ்வு ஆய்வு

மூணாறிலிருந்து குண்டளை வழியாக டாப் ஸ்டேஷன் போகும் பாதையில் இருக்கும் தேயிலைத் தோட்டங்களில், டிசம்பர் பாதியிலிருந்து விடியற்காலைக் குளிர் எலும்பைத் தொடும். ஓடையை ஒட்டிய பள்ளத்து லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், அது இன்னும் கடுமை. இரவில் குளிர்ந்த காற்று கனத்துப்போய்ச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கிவிடும். புல்லில் உறைபனி முதலில் படிவதும் அங்கேதான். மேட்டில் உள்ள லயத்தில் ஸ்வெட்டரோடு சமாளிக்கிற குழந்தைக்குப் பள்ளத்து லயத்தில் கையுறை, காலுறை, குல்லா மூன்றும் வேண்டியிருக்கும்.

இந்த ஆய்வு அப்படியொரு பள்ளத்து லயத்தில் செப்டம்பர் கடைசியில் பிறந்த பெண் குழந்தைக்காகப் பின்னப்பட்ட மூன்று ஜோடிக் கையுறைகளைப் பற்றியது. முதல் ஜோடி விரலில் காயம் படும் அளவுக்குப் போனது. இரண்டாவது ஜோடி முதல் சலவையிலேயே பாழானது. மூன்றாவது ஜோடி குளிர்காலம் முழுக்க நின்றது. பின்னியவர்களுக்குக் கைத்திறன் குறைவு என்று சொல்ல முடியாது. கோளாறு வேறு இடங்களில் இருந்தது: ஊசி நம்பரில், கையுறையின் உள்பக்கத்தில், மணிக்கட்டில், சலவைத் தொட்டியில். நூல் தடியாக இருந்தால் குழந்தைக்குச் சூடு என்று நம்பித்தான் எல்லாரும் தொடங்குகிறார்கள். ஆனால் குழந்தைக் கையுறையில் சூட்டை முடிவு செய்வது மணிக்கட்டின் பிடிமானமும் உள்பக்கத்தின் வழவழப்பும் ஈரம் இல்லாமல் வைத்திருப்பதும்தான்.

பின்னலுக்குப் புதியவர்களுக்காகச் சில சொற்கள். ஊசியில் நிற்கும் ஒவ்வொரு வளையத்தையும் இங்கே கண்ணி என்கிறோம். நிட், பர்ல் என்பவை பின்னலின் இரண்டு அடிப்படை வகைகள்: பார்க்கும் பக்கத்தில் கண்ணி வழவழப்பாக விழுந்தால் நிட், சிறு மேடாக விழுந்தால் பர்ல். முன்பக்க வரிசை முழுக்க நிட், திரும்பும் வரிசை முழுக்க பர்ல் என்றால் அது சாதாப் பின்னல்.

முதல் ஜோடி: வைர டிசைன்

குழந்தையின் சித்தி மொபைலில் வீடியோ பார்த்துப் பின்னியது இது. நூல் போடிக் கடைவீதியில் வாங்கியது. அக்ரிலிக், சற்றே தடித்த டி.கே. ரகம். வெள்ளையில் சிவப்பு வைர டிசைன். பார்த்தவர்கள் எல்லாரும் ஆசைப்பட்டார்கள்.

வீடியோவில் 6-ம் நம்பர் ஊசி என்று சொன்னார்கள். வீட்டில் இருந்ததும் 6-ம் நம்பர்தான். கோளாறு இங்கேதான் ஆரம்பித்தது. நம் கடைகளில் கிடைக்கும் ஊசிகளில் பெரும்பாலும் இங்கிலாந்து முறை நம்பர்தான் போட்டிருக்கும். அதில் நம்பர் கூடக்கூட ஊசி மெல்லிசாகும். 6-ம் நம்பர் 5 மி.மீ., 8-ம் நம்பர் 4 மி.மீ., 10-ம் நம்பர் 3.25 மி.மீ., 12-ம் நம்பர் 2.75 மி.மீ. அமெரிக்க முறையில் நம்பர் கூடக்கூட ஊசி தடிக்கும். அங்கே 6-ம் நம்பர் என்றால் 4 மி.மீ. வீடியோ அமெரிக்க முறை, வீட்டு ஊசி இங்கிலாந்து முறை. 4 மி.மீ. வேண்டிய இடத்தில் 5 மி.மீ. ஊசி ஓடியது. எந்தக் குறிப்பைப் பார்த்தாலும் நம்பரை விட்டுவிட்டு மி.மீ. அளவை மட்டும் எடுத்துக்கொண்டால் இந்தக் குழப்பமே வராது.

ஒரு மில்லிமீட்டர் என்ன செய்துவிடும்? அந்த நூலை 4 மி.மீ. ஊசியில் பின்னினால் 10 செ.மீ. அகலத்துக்கு 22 கண்ணி வரும். வீடியோவில் 32 கண்ணி. அப்படியானால் சுற்றளவு 14.5 செ.மீ. 5 மி.மீ. ஊசியில் 10 செ.மீ.க்கு 18 கண்ணிதான் வந்தது. அதே 32 கண்ணி 17.8 செ.மீ. ஆகிவிட்டது. பதினோரு வாரக் குழந்தையின் கை, கட்டைவிரலை மடக்கி அளந்தால், 12 செ.மீ.தான் இருந்தது. கை உள்ளே நீந்தியது. மணிக்கட்டைப் பிடிக்கும் இழுபடும் பட்டையான பார்டரையும் அதே ஊசியில் பின்னியிருந்ததால் மணிக்கட்டில் பிடிமானமே இல்லை. இரண்டு உதறலில் கையுறை கீழே கிடந்தது.

நழுவாமல் இருக்க பார்டருக்குள் எலாஸ்டிக் கோத்தார்கள். இது எல்லா வீட்டிலும் நடக்கிற காரியம். பாவாடை நாடாவைப் போல முடிச்சுப் போட்டு இறுக்கினால் நிற்கும் என்று தோன்றும். நின்றது. ஆனால் காலையில் கழற்றியபோது மணிக்கட்டைச் சுற்றிச் சிவந்த கோடு. எலாஸ்டிக் ஒரே வரியில் இழுக்கும். பார்டர் பல வரிசைகளில் பரவிப் பிடிக்கும். குழந்தையின் மணிக்கட்டு மடிப்பில் சதை மெத்தென்று இருப்பதால் எலாஸ்டிக் அந்த மடிப்புக்குள் புதைந்துவிடும், வெளியே பார்த்தால் தெரியாது. கையுறையில் எலாஸ்டிக் வேண்டவே வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

மூன்றாம் நாள் விஷயம் பெரிதானது. குழந்தை விடாமல் அழுதது. பசி, வாயு, குளிர் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில்தான் கையுறையைக் கழற்றினார்கள். வலது ஆள்காட்டி விரலின் நடுக்கணுவில் வெள்ளை நூல் ஒரு சுற்று சுற்றி இறுகியிருந்தது. அதற்கு மேலே விரல்நுனி சிவந்து வீங்கியிருந்தது. நல்லவேளையாக நூல் தோலுக்குள் புதையவில்லை. சிறு கத்தரியால் வெட்டி எடுத்த பிறகு அரைமணி நேரத்தில் நிறம் திரும்பியது.

பக்கத்து வீட்டு அத்தை கையுறையை வாங்கி உள்பக்கமாகத் திருப்பினார். "தாயி, உள்ள பாத்தியா? நூலெல்லாம் ஊஞ்சல் கட்டுன மாதிரி தொங்குது."

"மேல பாக்க அழகா இருந்துச்சு அத்தை. உள்ள பாக்கலை."

இரண்டு நிறத்தில் பின்னும்போது, ஒரு நிறம் ஓடுகையில் மற்ற நிற நூல் பின்பக்கமாகத் தாண்டிப் போகும். அந்த டிசைனில் ஐந்து கண்ணிக்கு ஒருமுறை நிறம் மாறியது. 10 செ.மீ.க்கு 18 கண்ணி என்றால் ஐந்து கண்ணி தூரம் 2.8 செ.மீ. அத்தனை நீளத்துக்கு ஒரு நூல் எதிலும் பிடிக்காமல் தொங்கிக்கொண்டிருக்கும். குழந்தை கைக்குள் விரலை மடக்கும், விரிக்கும், சுழற்றும். விரல் அந்தத் தொங்கலுக்குள் போய் ஒரு திருகு திருகினால் சுருக்குக் கயிறு ஆகிவிடும். தாண்டும் நூலை இடையில் முறுக்கிப் பிடித்துப் பின்னுகிற முறை உண்டு. தொப்பிக்கும் ஸ்வெட்டருக்கும் அது போதும். விரல் துழாவும் கைக்குழந்தைக் கையுறைக்கு இரண்டு நிறப் பின்னலே ஆகாது. அழகு வேண்டுமென்றால் ஒரே நிறத்தில் பின்னி, பார்டரை மட்டும் வேறு நிறத்தில் போடலாம். அல்லது ஒவ்வொரு நிறத்தையும் முழு வரிசையாக ஓட்டிக் கோடு போடலாம். கோடுகளில் நிறம் ஓரத்தில் மாறுவதால் நூல் முனைகள் தையலுக்குள் போய்விடும்.

இது நூலால் மட்டும் வருவதில்லை, தலைமுடியாலும் வரும். பிரசவத்துக்குப் பிறகு மூன்று மாத வாக்கில் தாய்க்கு முடி கொத்தாகக் கொட்டும். அது இயல்பு. அந்த முடி கையுறைக்குள்ளும் காலுறைக்குள்ளும் போய்விடும். முடி நூலைவிட மெல்லியது. ஈரத்தில் நீண்டு, காயும்போது இறுகும். மங்கலான லயத்து விளக்கில் கண்ணுக்கே தெரியாது. ஒவ்வொரு முறை போடும் முன்னும் கையுறையை உள்பக்கம் திருப்பி உதறிவிட்டுப் போட வேண்டும். காரணம் தெரியாமல் குழந்தை அழுதால் பத்து கைவிரல், பத்து கால்விரல் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும். விரல் வீங்கி, நூலோ முடியோ பள்ளத்துக்குள் போய்த் தெரியாமல் இருந்தாலோ, விரல் நீலம் பாரித்தாலோ வீட்டில் ஊசி வைத்துக் கிளறக் கூடாது. நேரம் கடத்தாமல் ஆஸ்பத்திரி போக வேண்டும். ரத்த ஓட்டம் நின்ற விரலுக்கு ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

இரண்டாவது ஜோடி: சுத்தக் கம்பளி

இதைப் பின்னியது அந்த அத்தை. கைக்கு அளவெடுத்து, ஒரே நிறத்தில், மெல்லிய 4 பிளை சுத்தக் கம்பளி நூலில், 3.25 மி.மீ. ஊசியில் பின்னினார். உள்பக்கம் வழவழப்பாக இருந்தது. மணிக்கட்டில் சரியாக நின்றது. ஒன்பது நாள் நன்றாக ஓடியது.

கம்பளிக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. தன் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. மூன்று மாதக் குழந்தை கையுறையோடு கையை வாயில் வைத்துச் சப்பும். அக்ரிலிக் அந்த எச்சிலை இழைக்குள் வாங்காது. ஈரம் இழைகளுக்கு நடுவே நின்று தோலைச் சில்லிட வைக்கும். முதல் ஜோடி தடியாக இருந்தும் விடிகாலையில் குழந்தையின் கை ஐஸ்போலக் கிடந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பத்தாம் நாள் குழந்தை பால் கக்கியது. அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த வெந்நீரில் நனைத்து, துணி சோப்புக் கட்டியைத் தேய்த்து, இரண்டு கைக்கும் நடுவே கசக்கி, முறுக்கிப் பிழிந்து, ஓடைத் தண்ணீரில் அலசினார்கள். காய்ந்த பிறகு எடுத்தால் பொம்மைக்குப் போடும் சைஸில் இருந்தது. சுற்றளவு 12.9 செ.மீ.யிலிருந்து 10.8 செ.மீ. ஆகிவிட்டது. துணி அட்டைபோலத் தடித்துப் போனது, கண்ணிகள் தனித்தனியாகத் தெரியவில்லை.

கம்பளி இழையின் மேற்பரப்பில் மீன் செதிலைப் போல நுண்ணிய செதில்கள் இருக்கும். வெந்நீரும் சோப்பும் சேர்ந்தால் அவை விரியும். கசக்கும்போது ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்ளும். ஒருமுறை பூட்டிக்கொண்டால் திரும்பப் பிரியாது. இழுத்துக் காயப்போட்டுப் பார்த்தார்கள், கொஞ்சமும் நகரவில்லை. சூடு மட்டுமே குற்றவாளி என்று நினைப்பவர்கள் பலர். வெந்நீரில் அசையாமல் ஊறப்போட்டால் இவ்வளவு சேதம் வராது. சூடு, சோப்பு, கசக்கல், திடீரென்று மாறும் தண்ணீர் ஆகிய எல்லாம் ஒன்றாகச் சேரும்போதுதான் இது நடக்கிறது.

துவைத்தவர்மேல் தப்பில்லை. வீட்டில் மற்ற எல்லாத் துணியையும் அப்படித்தான் துவைக்கிறார்கள். குழந்தைத் துணியை அத்தையும் துவைப்பார், அக்காவும் துவைப்பாள், பிறகு கிரெச்சில் (குழந்தைகள் காப்பகத்தில்) ஆயாவும் துவைப்பார். யார் துவைத்தாலும் தாங்குகிற நூலைத் தேர்ந்தெடுப்பது பின்னுகிறவர் பொறுப்பு.

மூன்றாவது ஜோடி: அளவும் நூலும்

மூன்றாவது ஜோடிக்கு நூல் மாறியது. மெஷின் வாஷ் கம்பளி என்று கிடைக்கும் ரகம், 4 பிளை. அதில் செதில்களைத் தொழிற்சாலையிலேயே மழுங்கடித்திருப்பார்கள், அல்லது மேலே மெல்லிய பூச்சு போட்டிருப்பார்கள். அதனால் பூட்டிக்கொள்ளாது. லேபிள் இல்லாமல் உருண்டையாக விற்கும் நூலில் கம்பளி இருக்கிறதா என்று தெரிய, ஒரு விரல் நீளத் துண்டை இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டலாம். கம்பளி என்றால் முடி கருகும் வாசனை வரும், சாம்பல் கையில் பொடிந்துவிடும். அக்ரிலிக் உருகிக் கெட்டியான கறுப்பு மணியாக நிற்கும். கலப்பு நூலில் இரண்டும் தெரியும்.

கை அளவு மூன்று இடத்தில் எடுக்கப்பட்டது. குழந்தை தூங்கும்போது எடுப்பதுதான் நல்லது. மணிக்கட்டு 10.5 செ.மீ. உள்ளங்கையைச் சுற்றிக் கட்டைவிரலையும் சேர்த்து 12 செ.மீ. மணிக்கட்டு மடிப்பிலிருந்து நடுவிரல் நுனி வரை 7 செ.மீ. டேப் இல்லாவிட்டால் ஒரு நூலைச் சுற்றி அடையாளம் போட்டு ஸ்கேலில் அளக்கலாம். ஆனால் ரப்பர் இழுப்புள்ள நூலாக இருக்கக் கூடாது.

மாதிரித் துண்டைப் பலரும் வீண்வேலை என்று தள்ளிவிடுகிறார்கள். குழந்தைக் கையுறைக்கு இதைவிட முக்கியமான படி வேறு இல்லை. 3.25 மி.மீ. ஊசியில் 36 கண்ணி ஏற்றி 44 வரிசை சாதாப் பின்னல் பின்னி, எப்படித் துவைக்கப் போகிறோமோ அப்படியே துவைத்து, காயவைத்து, நடுவில் அளக்க வேண்டும். ஓரத்துக் கண்ணிகள் சுருளும், அவற்றை எண்ணக் கூடாது. 10 செ.மீ.க்கு 28 கண்ணி, 36 வரிசை வந்தது. இந்தக் கையுறையில் தையலுக்குப் போக 36 கண்ணி சுற்றிலும் நிற்கும். 28 என்றால் சுற்றளவு 12.9 செ.மீ. 26 வந்திருந்தால் 13.8 செ.மீ., தொளதொளக்கும். 30 வந்திருந்தால் சரியாக 12 செ.மீ., விரல் விரிக்க இடமிருக்காது. கண்ணி கூடினால் ஒரு நம்பர் தடித்த ஊசிக்கும், குறைந்தால் ஒரு நம்பர் மெல்லிய ஊசிக்கும் மாற வேண்டும். கையை இறுக்கியோ தளர்த்தியோ பின்னிச் சரிக்கட்டப் பார்த்தால் பத்து வரிசையில் பழைய கைக்குத் திரும்பிவிடும்.

ஒரு ஜோடிக்குச் செலவாகும் நூல் 15 கிராம் சுற்றித்தான். மாதிரித் துண்டையும் சேர்த்து 25 கிராம் உருண்டை ஒன்று போதும்.

பின்னும் முறை

கண்ணி ஏற்றும்போது 2.75 மி.மீ. ஊசிகள் இரண்டைச் சேர்த்துப் பிடித்து, அவற்றின்மேல் 38 கண்ணி ஏற்றி, பிறகு ஒரு ஊசியை உருவிவிட வேண்டும். ஒற்றை ஊசியில் ஏற்றினால் முதல் விளிம்பு இறுகிப்போகும். பார்டர் எவ்வளவு இழுபட்டாலும் விளிம்பு இழுபடாது. எலாஸ்டிக் போட்ட அதே சிவந்த கோடு இங்கேயும் விழும். பார்டர் நன்றாக வந்தும் கையுறை ஏறமாட்டேன் என்கிறது என்று சொல்பவர்களுக்குப் பெரும்பாலும் கோளாறு இந்த முதல் விளிம்பில்தான்.

பார்டர் 2.75 மி.மீ. ஊசியில். முன்பக்க வரிசை: 2 நிட், பிறகு 2 பர்ல், 2 நிட் என்று கடைசி வரை. திரும்பும் வரிசை: 2 பர்ல், பிறகு 2 நிட், 2 பர்ல் என்று கடைசி வரை. இப்படி 24 வரிசை, ஏறக்குறைய 6 செ.மீ. கடையில் வாங்கும் குழந்தைக் கையுறைகளில் இந்தப் பார்டர் பெரும்பாலும் 3 செ.மீ.கூட இருக்காது. அதனால்தான் அவை நழுவுகின்றன. 6 செ.மீ. பார்டர் மணிக்கட்டு மடிப்பைத் தாண்டி முன்கைவரை ஏறும். அதன்மேல் ஸ்வெட்டர் கையை இழுத்துவிட்டால் காற்று நுழைய இடமில்லை, குழந்தை உதறினாலும் கழலாது. தளர்வாக வைத்தால் பார்டர் 9 செ.மீ.க்குச் சுருங்கும். 10.5 செ.மீ. மணிக்கட்டில் மெதுவாகப் பிடித்துக்கொள்ளும்.

பார்டருக்கு மேலே துளை விட்டு நாடா கோக்கும் வழக்கம் உண்டு. இந்த ஜோடியில் வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். நாடாவை ஒருவர் பூப்போலக் கட்டுவார், இன்னொருவர் மூட்டை கட்டுவதுபோல இறுக்குவார். தொங்கும் முனை வாய்க்குள் போகும். இரண்டு கையுறையையும் ஒரே கயிற்றில் இணைத்துக் கழுத்து வழியாகப் போடும் பழக்கமும் இருக்கிறது. அது தொலையாமல் இருக்கச் செய்வது. கைக்குழந்தையின் கழுத்தைச் சுற்றி எந்தக் கயிறும் போகக் கூடாது. தொலைந்தால் இன்னொன்று பின்னிக்கொள்ளலாம்.

இனி 3.25 மி.மீ. ஊசிக்கு மாறி, கண்ணி கூட்டாமல் குறைக்காமல் 22 வரிசை சாதாப் பின்னல். இது 6 செ.மீ. சுமார். கட்டைவிரலுக்குத் தனி அறை இல்லை. இந்த வயதில் குழந்தை பெரும்பாலும் கட்டைவிரலை மடக்கித்தான் வைத்துக்கொள்ளும், தனி அறை விட்டால் அது காலியாகத் தொங்கும். விரல்கள் ஒன்றாக இருந்தால் ஒன்றுக்கொன்று சூடும் கொடுக்கும்.

மேல்பக்கம் குவிய, கண்ணிகளை இரண்டு பாதியாக நினைத்துக்கொண்டு ஒவ்வொரு பாதியின் இரண்டு ஓரத்திலும் குறைக்க வேண்டும். பாதியின் தொடக்கத்தில் இடப்பக்கம் சாயும் குறைப்பு: இரண்டு கண்ணிகளை நிட் போடுவதுபோல ஒவ்வொன்றாக வலது ஊசிக்கு மாற்றி, இடது ஊசியை அவற்றின் முன்புறமாக நுழைத்து இரண்டையும் சேர்த்து ஒன்றாக நிட். பாதியின் கடைசியில் வலப்பக்கம் சாயும் குறைப்பு: இரண்டு கண்ணிகளைச் சேர்த்து நேராக நிட். முதல் குறைப்பு வரிசை: 1 நிட், இடச்சாய்வுக் குறைப்பு, 14 நிட், வலச்சாய்வுக் குறைப்பு, மீண்டும் இடச்சாய்வுக் குறைப்பு, 14 நிட், வலச்சாய்வுக் குறைப்பு, 1 நிட். 34 கண்ணி மிஞ்சும். திரும்பும் வரிசை முழுக்க பர்ல். அடுத்த குறைப்புகளில் நடுவே 12, 10, 8 நிட். இடையில் ஒவ்வொரு முறையும் ஒரு பர்ல் வரிசை. கண்ணி 30, 26, 22 என்று இறங்கும். எட்டு வரிசையில் முடியும். கையின் மொத்த உயரம் 30 வரிசை, 8.3 செ.மீ. 7 செ.மீ. கைக்குமேல் ஒரு செ.மீ.க்குச் சற்றுக் கூடுதல் இடம். இதைவிடக் கூடுதலாக விட்டால் துணி விரல்நுனியில் மடிந்து வாய்க்குள் போகும், ஈரமாகும்.

எண்ணிக்கை தப்பினால் அனேகமாக நடுவில்தான் தப்பும். இரண்டு பாதியும் சந்திக்கும் இடத்தில் வலச்சாய்வும் இடச்சாய்வும் அடுத்தடுத்து வர வேண்டும். அங்கே ஒரு வண்ண நூலை அடையாளமாக மாட்டிக்கொண்டால் குழப்பமில்லை. முடித்ததும் அதை எடுத்துவிட மறக்கக் கூடாது.

மிஞ்சிய 22 கண்ணியைப் பாதியாகப் பிரித்து இரண்டு ஊசிகளில் 11, 11 என்று வைத்து, நல்ல பக்கம் வெளியே இருக்கும்படி மடித்து, மூன்றாவது ஊசியால் இரண்டு பக்கத்துக் கண்ணிகளையும் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பின்னி மூட வேண்டும். வழக்கமாகக் கெட்ட பக்கத்திலிருந்து மூடி, மூடிய இடத்தில் எழும் வரப்பை உள்ளே தள்ளுவார்கள். இங்கே வரப்பு வெளியே வர வேண்டும். உள்ளே இருந்தால் அது நகக்கண்ணில் உரசும்.

பக்கத் தையல் வெளிப்பக்கத்திலிருந்து போட வேண்டும். இரண்டு ஓரத்திலும் ஒரு கண்ணி உள்ளே தள்ளி, கண்ணிகளுக்கு நடுவே ஓடும் குறுக்கு நூலை இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று எடுத்து, ஐந்தாறு முறைக்கு ஒருதரம் மெதுவாக இழுத்தால் தையல் மறைந்துவிடும். இறுக்கி இழுத்தால் பக்கம் சுருங்கும். பார்டரில் இரண்டு ஓரத்திலும் 2 நிட் இருந்ததில் ஒவ்வொன்று தையலுக்குள் போக, மிஞ்சிய இரண்டும் சேர்ந்து 2 நிட்டாகவே தொடரும். இதற்காகத்தான் 36 போடாமல் 38 போட்டது.

நூல் முனைகளை 15 செ.மீ. விட்டு வைத்து, தையல் வரப்புக்குள்ளேயே 5 செ.மீ. ஒரு திசையிலும் பிறகு எதிர்த் திசையிலும் ஓட்டி, ஒட்ட வெட்ட வேண்டும். வெறும் முடிச்சுப் போட்டு விட்டால் அக்ரிலிக்கும் வழுக்கும் கம்பளியும் சலவையில் அவிழும். பின்னும்போது நூல் தீர்ந்தால் வரிசை நடுவில் முடிச்சுப் போடாமல் ஓரத்துக்கு வந்து புது நூலைச் சேர்க்க வேண்டும்.

போடும் முன் பார்த்த பரிசோதனை

அத்தை கையுறையை உள்பக்கம் திருப்பி, டார்ச் வெளிச்சத்தில் வைத்து, மெல்லிய குரோஷா கொக்கி ஒன்றை மேற்பரப்பில் உரசிக்கொண்டே எல்லா இடத்திலும் ஓட்டினார். எங்கேயாவது நூல் கொக்கியில் சிக்கினால் அங்கே விரலும் சிக்கும். தையலின் கீழ்முனையில் ஒரு இடத்தில் சிக்கியது. வரப்புக்குள் ஓட்டிய முனை ஒரு மடக்கு வெளியே நின்றிருந்தது. பிரித்து மறுபடி ஓட்டினார். அதன்பிறகு இரண்டு கையுறையையும் பிடித்து இழுத்து, முறுக்கி, துவைத்து, மறுபடி அதே சோதனை. துவைத்த பிறகு ஒருமுறை பார்ப்பது கட்டாயம், ஓட்டிய முனைகள் வெளியே வருவது முதல் சலவையில்தான்.

போட்டு பத்து நிமிஷம் கழித்துக் கழற்றி மணிக்கட்டைப் பார்த்தார்கள். கோடு இல்லை. பார்டருக்குள் பெரியவர் சுண்டுவிரல் சிரமமில்லாமல் போனது. இரவெல்லாம் போட்டு வைத்துவிட்டுக் காலையில் பார்ப்பது சோதனை ஆகாது.

எப்போது போடுவது, எப்போது கழற்றுவது

குழந்தையின் கை சில்லென்று இருந்தாலே பெரியவர்கள் பதறிவிடுகிறார்கள். பிறந்த குழந்தைக்குக் கைகால் சில்லென்று இருப்பது சாதாரணம். உடம்பின் சூட்டைக் கழுத்துக்குப் பின்னாலும் நெஞ்சிலும் தொட்டுப் பார்க்க வேண்டும். அங்கே இதமான சூடு இருந்தால் போதும். அங்கேயும் சில்லென்று இருந்தால் கையுறை மட்டும் போதாது. குழந்தையைத் தாயின் நெஞ்சோடு தோல் படும்படி அணைத்து மேலே போர்த்துவதைவிட வேகமாகச் சூடேற்றும் வழி வீட்டில் இல்லை. பின்கழுத்து வியர்த்திருந்தால் கையுறையும் குல்லாவும் கழன்றாக வேண்டும்.

இந்தக் குழந்தைக்கு விடிகாலையிலும், மாலை வெளியே தூக்கிப் போகும்போதும்தான் போட்டார்கள். அடுப்பு எரியும் நேரத்தில் வீட்டுக்குள் கை வெறுமையாக இருந்தது. கையை வாயில் வைப்பது பசியின் முதல் அறிகுறிகளில் ஒன்று. கையுறை அதை மறைத்துவிடும். விரலால் தொட்டுத் துழாவிக் கற்றுக்கொள்ளும் வயதும் இதுதான். முகத்தைக் கீறுகிறது என்று நாள் முழுக்கக் கையுறை போடுவதற்குப் பதில் தூங்கும்போது நகத்தை வெட்டிவிடலாம்.

ஈரமான கையுறையை உடனே மாற்ற வேண்டும், அதனால் மூன்று ஜோடியாவது கைவசம் வேண்டும். அதற்காக அதே அளவில் இரண்டு ஜோடி அக்ரிலிக்கில் பின்னினார்கள். அதில் ஒன்று ஜனவரியில் கெட்டது. பனிமூட்டத்தில் துணி காயாததால் விறகடுப்புக்கு மேலே கம்பியில் தொங்கவிட்டிருந்தார்கள். அக்ரிலிக் சூட்டில் இளகி, நெகிழ்ச்சி போய், பார்டர் தொங்கிப்போனது. ஒரு பக்கம் வழவழவென்று காகிதம்போல ஆகிவிட்டது. இப்படி ஆனதைத் திரும்பச் சரிசெய்ய முடியாது. காயவைக்க வழி இதுதான்: துண்டில் சுருட்டி, மேலே அழுத்தி நீரை உறிஞ்சவிட்டு, அடுப்படியின் எதிர்ச் சுவரோரம் முறத்தில் பரப்பி வைத்தால் மறுநாளுக்குள் காயும். தொங்கவிட்டால் ஈரத்தின் எடையில் நீளும். தீ பறக்கும் இடத்தில் குழந்தைக்கு அக்ரிலிக் போடுவதும் நல்லதில்லை. பொறி விழுந்தால் உருகித் தோலில் ஒட்டும். கம்பளி கருகி அணையும்.

மெஷின் வாஷ் கம்பளி ஜோடி பிப்ரவரி கடைசி வரை வாரம் இரண்டு முறை துவைக்கப்பட்டது. வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சோப்புத்தூள், அழுத்தி எடுத்தல், அதே சூட்டுத் தண்ணீரில் அலசல். சுற்றளவு 12.9 செ.மீ.யிலிருந்து 13.2 செ.மீ. ஆனது. இந்த ரகம் சுருங்காது, ஆனால் சற்றே நெகிழும்.

மார்ச்சில் தாய் 26 வாரப் பேறுகால விடுப்பு முடிந்து பெரட்டுக்கு, அதாவது தோட்ட வேலைக்கு, திரும்ப வேண்டும். அதன்பிறகு குழந்தை கிரெச்சில்தான் இருக்கும். அளவெடுத்தபோது கையின் சுற்று 13.3 செ.மீ., நீளம் 8 செ.மீ. பழைய ஜோடி பத்தாது. அடுத்த ஜோடிக்கு 42 கண்ணி, பார்டர் அதே 24 வரிசை, சாதாப் பின்னல் 24 வரிசை, குறைப்பில் நடுவே 16, 14, 12, 10, 8 நிட் என்று ஐந்து முறை. கடைசியில் அதே 22 கண்ணிதான் நிற்கும். சுற்றளவு 14.3 செ.மீ., கையின் உயரம் 9.4 செ.மீ. கிரெச் ஆயாவிடம் புது ஜோடியைக் கொடுக்கும்போது, போடும் முன் உள்பக்கம் திருப்பி உதறுவதையும், சாப்பாட்டு நேரத்தில் கழற்றி வைப்பதையும் தாய் நேரில் செய்து காட்டினார். சின்னதாகிப்போன கம்பளி ஜோடியை அத்தை மறுபடி கொக்கி ஓட்டிப் பார்த்து, பார்டர் விளிம்பில் தளர்ந்த ஒரு முனையைச் சரிசெய்து, மேட்டு லயத்தில் பிப்ரவரியில் பிறந்த குழந்தைக்காகப் பழைய பால் டப்பாவில் வேப்பிலையோடு போட்டு மூடி வைத்திருக்கிறார்.